டாக்டருக்கு வைத்த மொய்

மூன்று வருஷமாகத் தம்பி தனக்காக டாக்டருக்கு மொய் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பியிருந்தாள் ஜெய்த்தூன் பீவி. சிரிக்காதீர்கள். அவளுக்கு வியட்நாம் பாஷை தெரியாது. தம்பி சம்சுதீனுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாலு வார்த்தைக்கு ஒரு தரம் அவன் வாயிலிருந்து ‘மொய்’ வந்து விழும். அவளைக் கையால் காட்டுவான், ‘மொய்’ என்பான். டாக்டரும் தலையை ஆட்டி ‘மொய்’ என்று திருப்பிச் சொல்லிவிட்டு எழுதிக்கொள்வார். தன் முழங்காலைப் பற்றிப் பேசும்போது மட்டும் சம்சுதீன் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அதை வைத்து அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள்: பீஸ் போக, உடன்பிறந்த லாத்தாவை நன்றாகப் பார்க்கச் சொல்லித் தம்பி தனியாக ஏதோ வைக்கிறான், தனக்கு வைக்காததை எனக்கு வைக்கிறான். கேட்டு அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். தொழுகைப் பாயில் உட்கார்ந்து தம்பிக்காகக் கூடுதலாக ஒரு துஆவும் கேட்டாள். அந்த துஆவைத் திருப்பி வாங்க வழியிருந்திருந்தால் பின்னால் வாங்கியே இருப்பாள்.

அவள் சைகோனுக்கு வந்தது 2013-ல். காரைக்காலில் கட்டிய மாப்பிள்ளை மௌத்தாகி, நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து, பிள்ளையில்லாத வீட்டில் தனியாக இருந்தபோது தம்பியின் போன் வந்தது. டிஸ்ட்ரிக்ட் 1-ல் பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் அவனுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அவன் பெண்டாட்டி, பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தாள். “லாத்தா, நீ வந்து சும்மா கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து ஈந்தா போதும்” என்றான். அவள் வந்து இறங்கிய மறுவாரம் சமையல்காரன் லீவு போட்டு ஊருக்குப் போனான், போனவன் போனவன்தான். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. நெய்ச்சோறும் தால்சாவும் இறால் வைத்த வாடாவும் காலை இடியாப்பமும் அவள் கையில்தான் நடந்தன. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருகிற மலேசியாக்காரர்களும், கம்பெனி வேலையாக வந்த சென்னைக்காரர்களும் வாசற்படியில் காத்து நின்று சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, “சம்சுதீன் பாய், உங்க கைப்பக்குவமே தனி” என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவனும் வெட்கமில்லாமல் சிரித்து வாங்கிக்கொள்வான்.

வாப்பா இருவருக்கும் விட்டுப்போன சொத்து ஒரு தோல் வியாதி. வாப்பாவுக்கு மண்டையிலும் முழங்கையிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். சொரியாசிஸ் என்ற பேரெல்லாம் பின்னால் தெரிந்தது. சம்சுதீனுக்குக் காதோரம் வந்தது, அவளுக்கு முழங்கையில். அவள் முழுக்கை ரவிக்கைக்குள் மறைத்தே காலத்தை ஓட்டிவிட்டாள். அந்த வியாதி எல்லோருக்கும் தோலோடு நிற்பதில்லை; சிலருக்கு மூட்டுக்குள் இறங்கிவிடும். அவள் வந்த மறுவருஷம் இருவருக்கும் இறங்கியது. அவனுக்கு இடது முழங்கால் வீங்கியது. அவளுக்கு வலது கை மோதிரவிரல் அடியிலிருந்து நுனிவரை மொந்தன் வாழைப்பிஞ்சு மாதிரி வீங்கியது, சில மாசத்தில் நடுவிரலும் சேர்ந்துகொண்டது. சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனால் குழாயைத் திருக முடியாது. கைகள் இரண்டும் யாரோ மரத்தில் செய்து மாட்டிவிட்ட கைகள் போலத் தொங்கும். தம்பியைக் கூப்பிட்டுத்தான் குழாயைத் திறக்கச் சொல்வாள். அவனும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வான்.

வாப்பா வீட்டில் நோவுக்கு இரண்டு பெயர் உண்டு. ஆம்பளைக்கு வந்தால் அது வலி. பொம்பளைக்கு வந்தால் ஒளைச்சல். வாப்பாவுக்குக் காலை நீட்ட முடியாமல் போனபோது ‘வலி’ என்றார்கள். பிள்ளைகள் சத்தம் போடாமல் நடந்தார்கள், பெரிய கடைத்தெருவிலிருந்து டாக்டர் வீட்டுக்கே வந்தார். உம்மாவுக்கு இடுப்பு மடங்காமல் போனபோது ‘ஒளைச்சல்’ என்றார்கள்; தைலத்தைத் தடவிக்கொண்டு உலை வைக்கச் சொன்னார்கள். உண்மையில் ஒளைச்சல் ஒன்றும் சின்ன வார்த்தை இல்லை. எலும்புக்குள்ளிருந்து குடைகிற நோவு அது, அமுக்கினாலும் அடங்காது, படுத்தாலும் விடாது. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பொம்பளைகள் வாயிலேயே கிடந்து அந்த வார்த்தை நமத்துப்போன முறுக்காகிவிட்டது. யாரும் கடித்துப் பார்ப்பதில்லை. ஜெய்த்தூன் பீவியும் அதைத்தான் சொன்னாள். “விரலெல்லாம் ஒளையுது தம்பி.”

சம்சுதீனுக்கு வலி வந்ததும் கடைக்கு லீவு விட்டார்கள். விசாரித்து, பூ மி ஹங் பக்கம் ஒரு கிளினிக்கில் மூட்டு டாக்டரைக் கண்டுபிடித்தான். “நீயும் வா லாத்தா, ஒரே காரு, ஒரே அலைச்சல்” என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் நாற்பது வயசுக்காரர், சாந்தமான முகம், மெதுவான கை. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவர் மேஜைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு அளவுகோல் இருந்தது, பூஜ்யத்திலிருந்து பத்துவரைக்கும். ஒரு முனையில் சிரிக்கிற முகம், மறுமுனையில் அழுகிற முகம், நடுவில் தள்ளி நகர்த்த ஒரு சிவப்புக் குமிழ். போன வாரம் முழுக்க எவ்வளவு நொந்தது என்று நாமே நகர்த்திக் காட்ட வேண்டும்.

சம்சுதீன் ஏழில் நிறுத்தினான். டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், எழுதினார். ஜெய்த்தூன் பீவி வீங்கிய விரலாலேயே தள்ளி ஒன்பதில் நிறுத்தினாள். பத்தில் வைத்திருப்பாள், அல்லாஹ் அதைவிடப் பெரிய நோவை வைத்திருக்கிறான், பெருமை பேசக் கூடாது என்று ஒன்று குறைத்தாள். டாக்டர் ஒன்பதைப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். தம்பி ஏதோ சொன்னான், நடுவில் ‘மொய்’ வந்தது. பாத்திரம் தேய்க்கிற மாதிரியும் மாவு பிசைகிற மாதிரியும் கையை ஆட்டிக் காட்டினான். டாக்டர் அவள் கையை ஒரு தரம் தொட்டுவிட்டு, சிரித்து, எழுதினார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டாள். “என்னா தம்பி சொன்னாரு?”

“எனக்கு மொதல்ல மாத்திரை, அதுல கேக்கலேன்னா ஊசி போட்டே ஆகணுங்கறாரு. விட்டா மூட்டு ஒட்டிக்குமாம் லாத்தா. ஒருதடவை ஒட்டிக்கிட்டா ஒலகத்துல எந்த மருந்துக்கும் தொறக்காதாம்.”

“என் விரலு?”

“உனக்கு மாத்திரையே போதுமாம். வேலையக் கொறச்சுக்கச் சொன்னாரு. பொம்பளைங்க எப்பவும் கூட்டித்தான் காட்டுவாங்களாம். எத்தனையோ பேரைப் பாத்துட்டாரு, அவரா ரெண்டு மூணு கழிச்சுத்தான் எடுத்துக்குவாராம்.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

கேட்டீர்களா? ஆம்பளை ஏழு என்றால் அது ஏழு. பொம்பளை ஒன்பது என்றால் அதில் இரண்டு அழுகைக்கு, இரண்டு சமையல்கட்டுக்கு, ஒன்று மாப்பிள்ளை இல்லாத ஏக்கத்துக்கு. மிச்சம் நாலுதான் விரலுக்கு. பொம்பளைகள் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்பது உண்மையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஏன் கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் யோசிக்கக் கூடாதா? கூடுதலாக நோகிறது, அதனால் சொல்கிறாள் என்ற எளிய விஷயம் இத்தனை படித்த மண்டைக்குள் ஏறாதா? அதற்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் இடமில்லை போலிருக்கிறது.

ஜெய்த்தூன் பீவிக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. ஒட்டிக்கொண்டால் திறக்காது என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இருப்பது இரண்டு கை. கையை நம்பித்தான் கடல் தாண்டி வந்தாள். தம்பி வீட்டில் தம்பி சோறு தின்கிறோம் என்ற பேச்சு வராமல் தலை நிமிர்ந்து இருப்பதே அந்தக் கையால்தான். அது மடங்கிப்போனால் யார் வீட்டு மூலையில் கிடப்பது?

அடுத்த தடவை போகும்போது சம்சுதீன் ஒரு யோசனை சொன்னான். “லாத்தா, ஒம்பதுன்னெல்லாம் வைக்காதே. கொறச்சு வை. அப்பதான் அவரு நம்புவாரு.” அதுவும் சரிதான் என்று அவள் ஐந்தில் வைத்தாள். டாக்டருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஒன்பதிலிருந்து ஐந்து! மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அதே மாத்திரையை மறுபடியும் எழுதிக்கொடுத்தார். கூட்டிச் சொன்னால் பொம்பளைப் புலம்பல், குறைத்துச் சொன்னால் வியாதி குணம். அவள் எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருந்தது. அதற்கடுத்த தடவை மறுபடி ஒன்பதில் வைத்தாள். தம்பி ‘மொய்’ என்றான். டாக்டர் புரிந்தது என்பதுபோல் சிரித்தார்.

சம்சுதீனுக்கு மாத்திரை கேட்கவில்லை என்று ஊசி போட்டார்கள். கொஞ்ச மாசத்தில் முழங்கால் வற்றியது. பூங்காவில் காலையில் வியட்நாம்காரர்களோடு சேர்ந்து பூப்பந்து ஆட ஆரம்பித்தான். வியர்த்து, சீட்டியடித்துக்கொண்டு வந்து, “ரெண்டு இடியாப்பம் வை லாத்தா” என்பான். அவள் இடியாப்ப அச்சை வலது கையால் அமுக்க முடியாமல் நெஞ்சில் முட்டுக்கொடுத்து இடது உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருப்பாள். எனக்கும் அந்த ஊசியைக் கேட்டுப் பாரேன் என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். “ஒனக்குத் தேவையில்லேன்னுட்டாரே லாத்தா, தேவையில்லாம ஊசி போட்டா ஒடம்புக்குக் கெடுதல்” என்றான். அவன் அக்கறையாகத்தான் சொன்னான். அதுதான் வயிற்றெரிச்சல்.

கடையில் கூடமாட வேலை செய்தவள் துயெத். கான் ஹொய்க்காரி, துறைமுகத்து மூட்டை தூக்கியவரின் மகள், வாயும் கையும் சும்மா இருக்காது. ஜெய்த்தூன் என்ற பேர் நாக்கில் ஏறாமல் ‘சி தூன்’, அதாவது தூன் அக்கா, என்று கூப்பிடுவாள். காய்கறிப் பேர்களையும், போ வா வை என்பதையும் கொண்டு இருவரும் ஒரு அடுப்படிப் பாஷை உண்டாக்கி வைத்திருந்தார்கள். 2017-ல் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாக் கூட்டம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, துயெத் பிளாஸ்டிக் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து தோளைச் சுழற்றிக்கொண்டு, “மொய் வா!” என்றாள்.

ஜெய்த்தூன் பீவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மொய்யைக் கையசைத்து வா என்று கூப்பிடுகிறாளே! கல்யாணம், பந்தல், மாலை, கவர் எல்லாவற்றையும் கையாலேயே நடித்துக்காட்டி, எங்கள் ஊரில் மொய் என்றால் இதுதான், உங்கள் ஊரிலும் உண்டா, டாக்டருக்கெல்லாம் வைப்பீர்களா என்று கேட்டாள். துயெத் விழித்தாள். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். எழுந்து நின்று கற்பனையாக ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு அடி நடந்தாள், இறக்கினாள், தோளைப் பிடித்துவிட்டாள், கொட்டாவி விட்டாள். அதுதான் மொய். பிறகு கன்னத்தில் கையை வைத்துத் தூங்கிக் காட்டினாள், கண்ணைத் திறந்து சிரித்தாள். தூங்கி எழுந்தால் போயே போய்விடும் என்று அர்த்தம்.

ஜெய்த்தூன் பீவியின் சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டருக்கு முன்னால் முழங்காலைத் தொட்டுத் தம்பி சொல்கிற இன்னொரு வார்த்தை ஞாபகம் வந்தது. “தாவ்?” என்று கேட்டாள்.

துயெத் முகத்தைச் சுளித்தாள். கையில் எண்ணெய் கொட்டிக் கொப்புளம் எழும்பிய பழைய தழும்பைத் தொட்டு, “தாவ்” என்றாள். முன்பு கதவிடுக்கில் நசுங்கிய நகத்தைக் காட்டி, “தாவ்” என்றாள். பிறகு ஜெய்த்தூன் பீவியின் வீங்கிய விரலை மெல்லத் தொட்டு, “சி தூன், தாவ்” என்றாள். நாலு வருஷம் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கியவளுக்குத் தெரிந்திருந்தது.

களைப்பு. மூன்று வருஷமாகத் தம்பி டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். அவனுக்கு வலி, அவளுக்குக் களைப்பு. ஒன்பது களைப்பு, ஐந்து களைப்பு, மறுபடி ஒன்பது களைப்பு. எந்த டாக்டர்தான் களைப்புக்கு ஊசி போடுவார்?

அவள் கையைத் துடைக்கவில்லை, தலைத்துணியைச் சரிசெய்யவில்லை. நேரே கல்லாப்பெட்டிக்குப் போனாள். ஒரு மேஜையில் இரண்டு சென்னைப் பையன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆரம்பித்தாள்.

“சம்சுதீனு. மொய்ன்னா என்னாடா?”

தம்பி என்ற வார்த்தை போய்ப் பேர் வந்ததிலேயே அவன் எழுந்து நின்றுவிட்டான். “எந்த மொய் லாத்தா?”

“டாக்டருகிட்ட எனக்காக நீ வச்சியே, அந்த மொய்.”

அவனுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும், “அதுவா? அது ஒளைச்சலு. நீதானே லாத்தா ஒளைச்சல்னு சொன்னே? ஒளைச்சலுக்கு நான் வேற என்னான்னு சொல்லுவேன்?” என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. சொன்னவள் அவள்தான். அது உறைத்த பிறகு வந்த கோபத்துக்கு முன்னால் அதற்கு முந்தி வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

“ஆமாடா, சொன்னேன். உம்மா சொன்னா, நானும் சொன்னேன். எங்க வாயில அத வச்சது யாரு? வலின்னு சொன்னா கேக்க அந்த வூட்டுல ஒரு காது ஈந்துச்சா? சரி, வார்த்தைய விடு. ஒம்பதுல கொண்டுபோய் வச்சேனே, அதப் பாத்தியா இல்லையா? களைப்புக்கு எவளாச்சும் ஒம்பது வைப்பாளா? சுபுஹுக்குக் கொழா தொறக்க ஒன்னைக் கூப்புட்டேனே, தொறந்துவிட்டது யாரு, பக்கத்து வூட்டுக்காரனா? களைச்சுப்போயித்தான் கொழாயைத் தொறக்க முடியலேன்னு நெனச்சியா?”

“லாத்தா, ஆளுங்க ஈக்குறாங்க…”

“ஈக்கட்டும். ஒன் முழங்காலுக்கு என்னா சொன்னே? தாவ். அந்த ஒரு வார்த்தைய எனக்கும் சொல்லீந்தா ஒனக்கு என்னாடா கொறஞ்சா பெயிடும்? அதுக்குன்னு தனியாவா காசு கேக்குறாங்க? நீ எனக்காக மொய் வைக்குறேன்னு நெனச்சு மூணு வருஷமா ஒனக்கு துஆ கேட்டேன்டா நான்!”

சென்னைப் பையன்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். சம்சுதீன் அவர்களிடம் காசுகூடக் கேட்கவில்லை. கடைசியில், “அடுத்த வாரம் போவோம் லாத்தா. நான் சரியா எடுத்துச் சொல்றேன்” என்றான்.

“நீ சொன்ன வரைக்கும் போதும்.”

மறுநாள் காலையில் அவள் அடுப்பு மூட்டவில்லை. துயெத்தின் மோட்டார் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு கிளம்பினாள். பைக்கில் உட்கார்ந்தே பழக்கமில்லை. துயெத்தின் இடுப்பைப் பிடிக்க விரல் மடங்காமல் முழங்கையால் கோத்துக்கொண்டாள். கான் ஹொய் பாலத்தில் ஏறி, கூட்டத்துக்குள் புகுந்து புறப்பட்டு, அடுத்த பாலமும் தாண்டினார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கை விண்விண்ணென்று தெறித்தது. தெறிக்கத் தெறிக்க அவள் துயெத் சொல்லிக்கொடுத்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கோங் மொய். தாவ். களைப்பில்லை, வலி.

டாக்டர் தம்பி எங்கே என்பதுபோலக் கதவைப் பார்த்தார். அவள் உட்கார்ந்தவுடனே, அவர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்: “கோங் மொய். தாவ்.” சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் வலது கையைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். மூன்று விரல் மேஜையில் படிந்தது. மோதிரவிரலும் நடுவிரலும் கொக்கி மாதிரி வளைந்தே நின்றன. டாக்டர் சிரிக்கவில்லை. மோதிரவிரலின் நடுமூட்டைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். நிமிரவில்லை. உடனே எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். முதல் தடவை வந்தபோது எடுத்ததுதான், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. களைப்புக்கு யார் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள்?

டாக்டர் படத்தை விளக்கில் மாட்டினார். ஜெய்த்தூன் பீவிக்குப் படிக்கத் தெரிந்த படம் இல்லை அது. ஆனால் இடைவெளி இருக்க வேண்டிய இரண்டு இடத்தில் எலும்போடு எலும்பு வெள்ளையாக ஒட்டிக் கிடந்தது அவளுக்கும் தெரிந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல, துயெத் அதை அடுப்படிப் பாஷைக்கு மாற்றினாள். இந்த இரண்டு மூட்டும் ஒட்டிவிட்டது, இனித் திறக்காது. கட்டைவிரலிலும் இடது கையிலும் இப்போதுதான் எலும்பு அரிக்க ஆரம்பித்திருக்கிறது, அவற்றைக் காப்பாற்றலாம். இன்றைக்கே ஊசி. சொல்லி முடித்துவிட்டு டாக்டர் இன்னொரு கேள்வி கேட்டார். துயெத் அதை மாற்றிச் சொல்லத் தயங்கினாள். ஜெய்த்தூன் பீவி, சொல்லு என்று அதட்டினாள்.

ஏன் இதை முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்கிறார்.

இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிற தைரியம் உலகத்தில் யாருக்கு வரும்? மூன்று வருஷம் அவள் நகர்த்தி வைத்த குமிழ் அதே மேஜையில், அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் அழவில்லை. அழுதால் அதற்கும் இரண்டு கழிப்பார். அளவுகோலை எடுத்து, குமிழை ஒன்பதுக்குத் தள்ளி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். “சின்” என்றாள். வியட்நாம் பாஷையில் ஒன்பது. மார்க்கெட்டில் கற்ற வார்த்தை. முதல் நாள் என்று காட்ட விரலைப் பின்னால் பின்னால் தள்ளிக் காட்டி, மறுபடியும் “சின்” என்றாள். டாக்டர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

ஊசிக்கு எழுதும்போது அவருக்கு இன்றைய எண் வேண்டியிருந்தது. அளவுகோலை மரியாதையாக இரண்டு கையாலும் அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைத் தொடவில்லை.

“துயெத், இவரு எவ்வளவு கழிப்பாருன்னு மொதல்ல கேளு. அதுக்குத் தக்கன நான் வைக்குறேன்.”

கழிக்கிறதுக்கு அடுப்படிப் பாஷையில் வார்த்தை இல்லை. மேஜைமேல் காற்றைக் கிள்ளிக் கிள்ளி எடுத்து எறிவதுபோல் அவள் காட்ட, துயெத் டாக்டரிடம் ஏதோ சொன்னாள். டாக்டரின் காது சிவந்தது. அளவுகோலை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அவராகவே ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அவள் கேட்கவில்லை. ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு ஊசி போட்டுக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்லாமல் வெளியே வந்தாள்.

கடைக்குத் திரும்பும்போது மதியச் சாப்பாட்டு நேரம். தால்சா அடிப்பிடித்த வாசனை சந்து முனையிலேயே அடித்தது. சம்சுதீன் அவளுடைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கரண்டியும் கையுமாக, முகமெல்லாம் கரியாக நின்றான். காலையிலிருந்து அழுதிருப்பான் போலிருந்தது, அல்லது வெங்காயம் நறுக்கியிருப்பான்.

“ஊசி போட்டாங்களா லாத்தா?”

“போட்டாங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்.” அவன் கரண்டியைப் போட்டுவிட்டுக் கிட்டே வந்தான். “இனிமே எல்லாம் சரியாயிடும். ஊசிக்கு எவ்வளவு ஆனாலும் சரி, கடைய வித்தாவது நான் வைக்குறேன். நீ ஒண்ணும் ரோசன பண்ணாதே.”

ஜெய்த்தூன் பீவி வலது கையைத் தூக்கி அவன் முகத்துக்கு முன்னால் விரித்தாள். விரிந்தது மூன்றுதான்.

“நீ ஒண்ணும் வைக்க வேணாம். மொய்ய நானே வச்சுட்டேன். எழுதிக்க. காரைக்கால் ஜெய்த்தூன் பீவி, ரெண்டு வெரலு.”